இது உண்மைக் கதையா?

ஓசூர்
4.8.2024

அன்பு அண்ணிக்கு,

யுவஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்கு முதுகு வலி குறைந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் அண்ணன் ராஜ்குமார் இப்போதெல்லாம் எங்கள் வீட்டு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பதில்லை என்று அம்மா சொன்னாள். கொஞ்சம் ஓய்ந்திருக்கிறார் போல.

நல்ல செய்தி ஒன்று. என் நாவல் புத்தகமாக வரப்போகிறது. சென்னையில் சுகுணா என்று ஒருவர் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறார். படித்துவிட்டு அவரே கூப்பிட்டார். போனை வைத்த பிறகு ஹாஸ்டல் மாடியில், காயப்போட்ட யூனிபாரங்களுக்கு நடுவே நின்று அழுதேன்.

நீங்கள் பாகலூர் வாடகை வீட்டில் ஒளிந்திருந்த மாதங்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பின்பாதியில் நீங்கள் இப்போது இருக்கும் மலை வருகிறது. அது உங்கள் கடிதங்களிலிருந்து எடுத்தது. பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரைத் தேனிப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். உங்கள் வீட்டு மாந்தோப்பு திராட்சைத் தோட்டமாகிவிட்டது. அந்தத் தோப்பில் கூலிக்கு நின்றவள் மகனைக் கட்டிக்கொண்டு ஓடிவந்த பெண் நீங்கள்தான் என்று உங்கள் அண்ணனே படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.

நாளெல்லாம் ஃபேக்டரியில் போனுக்கு ஸ்குரூ போடுகிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பாகலூரில் போன் சிக்னலை வைத்துத்தானே உங்களைத் தேடி வந்தார்கள் என்று நினைத்துத் தேற்றிக்கொள்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
யுவா


26.8.2024

என் பிரியமான யுவா,

உன் அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். ஊர்ப் பெயரை மேலே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தில் எழுதக் கூடாது என்பது உன் அண்ணன் போட்ட சட்டம். உறை மேல் அஞ்செட்டி ஆஞ்சப்பண்ணாவின் தீவனக் கடை விலாசம் இருக்கிறதே, அதுவே அவருக்கு அதிகமாகத் தெரிகிறது.

புத்தகம் வருகிறது என்று படித்துக் காட்டினேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "நம்ம வீட்ல புத்தகம் எழுதுன ஆளுன்னு ஒருத்தி இருக்கா பாரு" என்றார். அதையே மறுநாளும் சொன்னார்.

சம்மதம் தருகிறேன். எழுது. நாங்கள் வாய் திறந்து சொல்ல முடியாததை யாராவது சொன்னால் எனக்கும் நெஞ்சு லேசாகும். ஆனால் இது எங்களைப் பற்றியது என்று யாரிடமும் சொல்லாதே. சுகுணாவிடமும் வேண்டாம். கதையாகவே இருக்கட்டும்.

இங்கே என் பெயர் சம்பங்கி. கூப்பிட்டால் இப்போது உடனே திரும்பிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் மூன்றாம் முறைதான் திரும்புவேன். ராகி நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்த பைக் சத்தம் கேட்டால் மட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறேன். அது பழகவில்லை.

அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணி


ஓசூர்
17.11.2024

அன்பு அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மழையில் வீடு ஒழுகுகிறதா?

புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'சன்னல் திறக்காத வீடு'. அட்டை கொஞ்சம் இருட்டாக வந்துவிட்டது. உள்ளே அச்சு நன்றாக இருக்கிறது.

ஓசூரில் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு நடந்தது. பாதி நாற்காலி காலி. வந்தவர்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில் என் லைன் பெண்கள். ஷிப்ட் முடிந்து தூக்கத்தோடு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. யாரும் ஒரு வரி எழுதவில்லை, திட்டக்கூட இல்லை. புத்தகங்கள் சுகுணாவின் வீட்டு ஹாலில் அடுக்கிக் கிடக்கின்றன.

போனில் அவர் சொன்னார்: "யுவா, எழுதறது பாதி வேலைதான்மா. உனக்குப் பின்னாடி காலேஜ் இல்ல, பத்திரிகைல மாமன் மச்சான் இல்ல. நீயே போய் நின்னு சொல்லலைன்னா இந்தப் புத்தகம் இருக்கறதே யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு மூணு ரீல்ஸ் போடு."

"மேடம், நான் அடுத்த நாவல் ஆரம்பிச்சிருக்கேன். அந்த நேரத்துல எழுதலாமே" என்றேன்.

"முதல் புத்தகம் செத்துப்போனா ரெண்டாவதை யாரு போடுவா?"

அவர் சொல்வது பொய் இல்லை அண்ணி. பயமாக இருக்கிறது. இரண்டு வருடம் தூக்கத்தை விட்டு எழுதியது, யாரும் பிரிக்காமலே மக்கிப்போகும் என்கிற பயம்.

அதனால் மாடியில் நின்று, என் ரூம்மேட் மாதேஸ்வரியைப் போன் பிடிக்கச் சொல்லி, நாவலிலிருந்து ஒரு பத்தி படித்துப் போட்டேன். ஐம்பது பேர்கூடப் பார்க்கவில்லை. அதில் பத்துப் பேர் ஹாஸ்டல்காரிகள்.

அண்ணனுக்கு என் அன்பு.

யுவா


15.12.2024

அன்பு யுவா,

நாங்கள் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு எழுத உட்காராதே.

புத்தகம் வந்தது. சாயங்கால வேலைகள் முடிந்ததும் தினம் கொஞ்சம் உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் வேறு, ஊர் வேறு. ஆனால் சன்னலை மறைக்க நான் சேலையைக் கிழித்துக் கட்டிய இடம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உன் அம்மா வாசலில் நின்று, "எம் மவன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது சாமி" என்று கைகூப்பும் இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

யுவா, நான் படித்தவள் இல்லை, பன்னிரண்டாவதோடு சரி. ஆனால் இது நல்ல புத்தகம் என்று எனக்குத் தெரிகிறது. இதை எழுதிய கை இன்னும் நிறைய எழுத வேண்டும். எங்கோ ஒரு நூலகத்தில் ஒரு பெண் எடுத்துப் படிப்பாள். அவளும் என்னைப்போல எங்காவது ஒளிந்து நின்றிருப்பாள். அவள் ஒருத்தி போதாதா? நீ மாடியில் நின்று கூவி விற்க வேண்டுமா?

இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். மறைந்து கிடப்பது எனக்குப் பழகிவிட்டது. உனக்கு அப்படி இருக்க வேண்டிய தலையெழுத்து இல்லை. அதனால் உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். புத்தகத்தைப் பற்றிப் பேசு, எங்களைப் பற்றிப் பேசாதே.

மலையைப் பற்றி நீ எழுதியதில் ஒரு நாளைக்கு இரண்டே பஸ், ராகிக் காட்டில் யானைக்குத் தகரம் தட்டுவது எல்லாம் அப்படியே இருக்கிறது. தேனியில் அப்படி இருக்குமா? உன் அண்ணன்தான் கேட்டார்.

எனக்குச் சில நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல. வேறொன்றும் இல்லை.

அண்ணி


ஓசூர்
19.1.2025

அன்பு அண்ணிக்கு,

பொங்கல் வாழ்த்து. நான் மிகவும் நலம். ஒத்துக்கொள்ளாத தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு ரீல் ஓடிவிட்டது. அம்மா கைகூப்பும் பகுதியைப் படித்தபோது என்னையறியாமல் அழுதுவிட்டேன். வெட்டாமல் அப்படியே போட்டாள் மாதேஸ்வரி. லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். வெறுமனே படித்தால் யாரும் நிற்பதில்லை. அழுதால் நிற்கிறார்கள்.

போன வாரம் ஒரு யூடியூப் சேனலில் பெங்களூருக்குக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். மேக்கப் எல்லாம் போட்டார்கள். புத்தகம் இரண்டாம் பதிப்பு போகிறது. கேன்டீனில் சூப்பர்வைசர் எழுந்து வந்து கை கொடுத்தார். முகம் தெரியாதவர்கள் "நீங்கதானே அது?" என்கிறார்கள். யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லை அண்ணி.

பேட்டியில் ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம்... சரி, அதை விடுங்கள். நன்றாகத்தான் போனது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் யுவா


ஓசூர்
16.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? உங்கள் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? பஸ் ஓடவில்லையா? அண்ணனையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அதை எழுதாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்தப் பேட்டியில் கேட்டார்கள்: "இது உண்மைக் கதையா?" கிளம்பும் முன்பே சுகுணா மேடம் சொல்லியிருந்தார், "கற்பனைன்னா நாவல் வாசிக்கறவன் மட்டும்தான் வாங்குவான். உண்மைன்னா ஊரே வாங்கும்" என்று. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே இருந்தவர் அவ்வளவு கனிவாகப் பார்த்தார். முதலில் "கதைதாங்க" என்றேன். "கதைன்னா இப்படி அழ முடியுமா?" என்றார். நான் பொய்க்கு அழுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று, "எங்க அண்ணனும் அண்ணியும்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. "இப்ப அவங்ககூடப் பேசுவீங்களா?" என்றார். "மலையில இருக்காங்க, டவர் கிடைக்காது, லெட்டர்தான் எழுதுவேன்" என்றேன். அவர் கண் கலங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணி. அந்த ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாளே அந்த இடத்தை நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அதுதான் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள்.

நலம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

யுவா


ஓசூர்
9.3.2025

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நேரமில்லை. எங்கே இருந்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

நேற்றுக் கிருஷ்ணகிரியில் வாசகர் கூட்டம். பேசி முடித்ததும் கையெழுத்துக்கு வரிசையாக வந்தார்கள். குனிந்தபடியே ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க பேருங்க?"

"மேகலான்னு போடுங்க."

உங்கள் பெயரையே போட்டுவிட்டேன். பேனாவை எடுத்த பிறகுதான் அந்தக் குரல் உறைத்தது. நிமிர்ந்தேன். உங்கள் அண்ணன் ராஜ்குமார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சிரித்த முகம்.

"ரொம்ப நல்லா எழுதறீங்க. நான் மூணு தடவ படிச்சிட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் யாரையும் அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. என் அம்மாவையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஒரு சந்தேகம் மட்டும். ரெண்டே பஸ் வர ஊரு, ராகி, யானை, கடிதாசி வாங்கி வெக்கிற கடைக்காரன்... தேனில இப்படி ஊரு இல்லீங்களே. எந்த ஊருங்க அது?"

"கற்பனைங்க" என்றேன்.

"பேட்டில வேற மாதிரி சொன்னீங்க." புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. "சரி, நீங்க எழுதுங்க. அடுத்த புத்தகத்துக்கு முடிவு நல்லா கெடைக்கும்."

பின்னால் நின்ற பெண் பொறுமையில்லாமல் புத்தகத்தை நீட்டினாள். அவளுக்கும் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

என் புத்தகத்தை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படிக்கவில்லை அண்ணி. பேட்டியைப் பார்த்திருக்காவிட்டால் அவர் இதைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனால் அவர் தேடியதெல்லாம் அதில் இருக்கிறது. நான்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா வீட்டு எதிரே மறுபடி வண்டி நிற்கிறதாம். போலீசுக்குப் போனேன். "மிரட்டுனாரா? கையெழுத்துதானே வாங்குனாரு?" என்றார்கள்.

போய்விடுங்கள்.

யுவா


அஞ்செட்டி
24.3.2025

யுவஸ்ரீ அம்மாவுக்கு,

தீவனக் கடை ஆஞ்சப்பன் எழுதறது. நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கம்மா.

நீ போட்ட மூணு லெட்டரும் பிரிக்காம எங்கிட்டதான் இருக்குது. உன் அண்ணன் முனிராசும் அந்தப் பொண்ணும் பொங்கல் முடிஞ்ச வாரமே காணோம். வூடு தெறந்தது தெறந்தபடி கெடக்குது. அடுப்புல சட்டி. மாட்டை அவுத்து வுட்டுட்டுப் போயிருக்காங்க. சொல்லிக்கல.

முந்தாநாளு ரெண்டு ஆளுங்க வண்டில வந்தாங்க. கைல ஒரு புத்தகம். "லெட்டர் வாங்கி வெக்கிற கடை இதுதானே?"ன்னான் ஒருத்தன். தெரியாதுன்னேன். எனக்குத் தமிழ் அவ்வளவா வராதுன்னு கன்னடத்துல பேசிப் பார்த்தேன். அவனும் கன்னடத்துலயே கேட்டான். அப்புறம் மேல வூடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தானுங்க. வரப்ப முகமே சரியில்ல. தீவன மூட்டைய ஒதச்சிட்டுப் போனானுங்க.

அவங்க வரதுக்கு முன்னாடியே போய்ட்டாங்களா, வழில எங்கியாச்சும் மாட்டிக்கினாங்களான்னு எனக்குத் தெரியலம்மா. பொய் சொல்லி ஆறுதல் சொல்ல மாட்டேன்.

எனக்கும் புள்ளக்குட்டி இருக்குது. இனிமே இந்த விலாசத்துக்கு எழுதாத.

ஆஞ்சப்பன்


ஓசூர்
13.4.2025

ஆஞ்சப்பண்ணாவுக்கு வணக்கம். வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன், மன்னியுங்கள். இது கடைசி. அவர்கள் கண்ணில் பட்டால் உள்ளே இருப்பதைக் கொடுங்கள். படாவிட்டால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அண்ணி, அண்ணா,

உயிரோடு இருக்கிறீர்களா?

யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மாடியில் நின்று நானே ஒரு வீடியோ எடுத்தேன். அழவில்லை. "பேட்டியில் சொன்னது பொய். புத்தகம் விற்பதற்காகச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு அண்ணி கிடையாது. என் அண்ணன் தனி ஆள், வேலைக்கு வடக்கே போனவன், எங்கே என்றே தெரியாது. மலை, கடிதம் எல்லாம் கட்டுக்கதை. கண்ணீரும் நடிப்பு. உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள்" என்று சொல்லிப் போட்டேன்.

முன்னதை விட இது வேகமாக ஓடியது. என்னென்ன எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சாதி ஆட்களே, "நெஜமா நடக்கற கொடுமையக்கூட இனி எவனும் நம்ப மாட்டான், உன்னாலதான்" என்று எழுதினார்கள். அது மட்டும் குத்தியது, ஏனென்றால் அது சரி. நாவலுக்குப் பரிசு தருவதாகப் போன மாதம் சொன்னவர்கள் இப்போது இல்லை என்றுவிட்டார்கள். கேன்டீனில் என் மேஜைக்கு மாதேஸ்வரி மட்டும்தான் வருகிறாள்.

சுகுணா மேடம் போனில் கத்தவில்லை. "உன் புத்தகத்த நீயே கொன்னுட்ட யுவா. ஏன்னு மட்டும் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டேன். மீதிப் பிரதிகளை அனுப்பிவிட்டார். என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

ராஜ்குமார் நம்புவாரா தெரியாது. அவருடைய ஆட்கள் உங்கள் வீட்டையே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆனால் அவருடன் சேர்ந்து தேடுகிற சொந்தக்காரர்கள் கொஞ்சம் சலித்துப்போனாலும் போதும்.

அடுத்த நாவலை மூடி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், இந்த வரியை வைத்து யாரைத் தேடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது.

யுவா


17.8.2025

யுவா,

உன் அண்ணி எழுதுகிறேன். இருக்கிறோம். உன் அண்ணனும் நலம். நீ எப்படி இருக்கிறாய், அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். நீ பதில் எழுத விலாசம் தர மாட்டேன். இந்தக் கடிதத்தை ஒரு லாரிக்காரர் போகிற வழியில் எங்கோ போடுவார். முத்திரையைப் பார்த்து ஊரைத் தேடாதே.

ஜனவரியில் உன் அண்ணன் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தார். டீக்கடையில் யாரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி குரலாச்சே என்று ஆசையாகப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார். "எங்க அண்ணனும் அண்ணியும்தாங்க" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து, "கிளம்பு" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னார். அடுப்பில் களி இருந்தது. காட்டு வழியாகவே நடந்தோம். மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தபோதெல்லாம் அவர் எனக்கு முதுகைக் காட்டி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ எழுதிய நாலு கடிதங்களும் கிடைத்தன. உன் அண்ணனே ஒருமுறை துணிந்து மண்டியில் ஆஞ்சப்பண்ணாவைப் பார்த்து வாங்கி வந்தார். உன் இரண்டாவது வீடியோவையும் பார்த்தோம். அதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். "எல்லாத்தையும் வுட்டுட்டா பாரு" என்றார். உன் பொய்யை என் அண்ணன் நம்பினானா தெரியாது. இதுவரை இங்கே யாரும் வரவில்லை. பைக் சத்தம் கேட்டால் இப்போது உன் அண்ணனும் எழுந்துவிடுகிறார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகிவிடும். சில நாள் உன் பெயரைக்கூட எடுக்கவிடாமல் செய்தேன். பிறகு புத்தகம் ஞாபகம் வரும். தப்பி ஓடிய அவசரத்திலும் அதை நான் எடுத்துவந்திருக்கிறேன் யுவா. அதனால்தான் சொல்கிறேன், எழுது. மூடி வைக்காதே. எங்களை மட்டும் விட்டுவிடு. விற்கிறதோ இல்லையோ, அந்த மாடிக்குப் போகாதே.

டிசம்பரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேனே, அது தண்ணீர் இல்லை. அப்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கை துடித்தது. ஏனோ எழுதவில்லை. அன்றைக்கு எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

போன மாதம் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் என் பெயர் கேட்டார்கள். மேகலாவும் இல்லை, சம்பங்கியும் இல்லை, வேறொன்று சொன்னேன். பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆணா பெண்ணா, யார் ஜாடை, உடம்பில் எங்கே மச்சம் என்றெல்லாம் உனக்கு எழுத மாட்டேன். நீ எழுதுகிறவள். தெரிந்தால் எழுதிவிடுவாய்.

நன்றாகப் பால் குடிக்கிறது. அது போதும் உனக்கு.

அண்ணி